மரத்தில் ஒரு கண்ணீர்த்துளி ட்ரெய்லர்: ஒழுகின இடமும் ஒழுகாத இடமும்

வீட்டில் நான்கு மாதம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன், பதினான்கு மாதம் ஆனது. அத்தனை நாளும் கார் வெயிலிலும் மழையிலும் வெளியே நிற்க, ஷெட்டுக்குள் மரத்தூளுக்கு நடுவே இது வளர்ந்துகொண்டிருந்தது. இது என்றால் டியர்டிராப் ட்ரெய்லர். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சின்ன வண்டி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அவ்வளவுதான் சமாச்சாரம். 1930களில் அமெரிக்காவில் கையில் காசு புரளாத காலத்தில், பத்திரிகைகளில் வந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டிலேயே கட்ட ஆரம்பித்தது இது. இன்றைக்கும் பலர் அதே 4க்கு 8 அடியில்தான் கட்டுகிறார்கள். அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, பிளைவுட் அந்த அளவில் வருகிறது.

எனக்கு மரவேலை ஓரளவு தெரியும். கட்டில், புத்தக அலமாரி, நாய்க்கூண்டு வரைக்கும் செய்திருக்கிறேன். கட்டிலுக்குக் கூரை போட்டு அடியில் சக்கரம் வைத்தால் ட்ரெய்லர், இதில் என்ன கம்பசூத்திரம் என்ற நினைப்பில் இறங்கிவிட்டேன்.

படகுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்த மாமா ஒருவர் எனக்கு உண்டு. வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அலமாரியெல்லாம் அழகா போட்டிருக்கே மாப்ளே. தண்ணி எது வழியா வெளியே போகும்?” என்றார். “தண்ணி உள்ளயே வராதே மாமா, அதான் மேல கூரை இருக்குல்ல” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சேசிஸ், அதாவது சக்கரம் மாட்டின அடிச்சட்டம், நான் செய்யவில்லை. எனக்கு வெல்டிங் சுமாராகத்தான் வரும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலேயே வரப்போகிற சாமானில் சுமாரான வெல்டிங் வேண்டாம் என்று தயாராகக் கிடைத்ததையே வாங்கிவிட்டேன். வாங்கும்போது ஒன்றை மட்டும் டேப் பிடித்துப் பாருங்கள்: காரில் மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து சக்கர அச்சான ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் ஒரே அளவு வர வேண்டும். இரண்டு மூன்று நூல் தள்ளியிருந்தால்கூட வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துக்கொண்டு வரும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். அப்புறம் அகலம், விளக்கு, பிரேக், பதிவு இதற்கெல்லாம் ஊருக்கு ஊர் விதி மாறும். மரத்தில் ரம்பம் வைக்கிறதுக்கு முன்னாடியே அதைப் பார்த்து முடித்துவிடுங்கள்.

சுவரின் வளைவை வரைய கம்ப்யூட்டரில் ஒரு வாரம் மெனக்கெட்டேன். கடைசியில் மாமா வந்து பத்து நிமிஷத்தில் முடித்தார். முடிச்சில்லாத மெல்லிய மரச்சட்டம், ரீப்பர் என்பார்கள், ஒன்றை எடுத்து, பிளைவுட் மேல் நான் அடித்துவைத்திருந்த ஆணிகளுக்கு நடுவே வளைத்து வைத்தார். பிறகு கன்னம் பலகையைத் தொடுகிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரீப்பரின் நீளவாக்கில் பார்த்தார். எங்கே நெளிகிறதோ அங்கே இருந்த ஆணியைப் பிடுங்கினார். ரீப்பர் டப்பென்று நகர்ந்து தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தது. அதுதான் வளைவு. ஐந்து ஆணிகள் போயின, அதாவது நான் கணக்குப் போட்டு வைத்த புள்ளிகளில் ஐந்து தப்பு. பிறகு இரண்டு சுவர்ப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்க்ரூ போட்டு இறுக்கி ஒரே தடவையில் அறுத்து இழைத்தோம். தனித்தனியாக அறுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது, அந்த வித்தியாசம் கடைசியில் பின்கதவில் வந்து நிற்கும்.

பிளைவுட் விஷயத்தில் கடைக்காரர் சொன்னதையும் தாளில் இருந்த முத்திரையையும் நம்பாமல் ஒரு காரியம் செய்தேன், அது நல்லதாகப் போயிற்று. இரண்டு வகைத் தாள்களிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, காயவைத்து, மறுபடி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஒன்று நனைந்த புத்தகம் மாதிரி இதழ் இதழாக விரிந்துவிட்டது. இன்னொன்று நிறம் மட்டும் வெளுத்தது. விரிந்துபோனதுதான் நான் முதலில் வாங்குவதாக இருந்தது. எடையையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் முழுத் தாள் ஒன்று 35 கிலோ பக்கம் வரும், ஒகூமே மாதிரி லேசான மரம் என்றால் 25 கிலோ பக்கம். நான் பிர்ச் எடுத்துவிட்டு, சுவரின் நடுவில் ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்து அந்தக் குழிகளில் சூட்டைத் தடுக்கும் லேசான எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை வைத்து, இருபுறமும் மெல்லிய பிளைவுட் ஒட்டினேன். எடையும் குறைந்தது, உள்ளே வெயில் தெரியாமலும் ஆனது.

பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். முகத்தில் நாலு கோட்டிங் அடித்துவிட்டு விளிம்பில் ஒன்று அடித்தால் அடித்ததே வீண். விளிம்புக்கு முதலில் தண்ணீர் மாதிரி ஓடும் எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) உறிஞ்சுகிற வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைத் தடவ வேண்டும். வெளிப்பக்க ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றையும் வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகின பிறகு நடுவில் மறுபடி சின்னத் துளை போட வேண்டும். ஆமாம், சலிப்பான வேலைதான், எனக்கு இருநூற்றுச் சொச்சம் ஓட்டைகள். சலிப்பில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பெரிய டப்பாவில் அரை லிட்டர் எபாக்சியை ஒரேயடியாகக் கலந்தேன். கலந்த பத்தாவது நிமிஷம் டப்பா கையைச் சுட்டது, பதினைந்தாவது நிமிஷம் புகை வந்தது, அதற்குள் பிளாஸ்டிக் டப்பா அடியில் உருகி வளைந்துவிட்டது. எபாக்சி இறுகும்போது சூடு கிளம்பும், நிறைய அளவு ஒரே குவியலாக இருந்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்ததை அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். வெயில் படும் இடத்தில் எபாக்சியை அப்படியே விடவும் கூடாது, மேலே பெயிண்ட்டோ வெயில் தாங்கும் வார்னிஷோ இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும்.

கூரைக்கு உள்ளே 3 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. 6 மி.மீ. ஒன்றாகப் போட்டால் என்ன என்று முன்பக்க வளைவில் முயன்று பார்த்தேன், துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் போட்டு இரண்டாகப் பிளந்தது. 3 மி.மீ. தாளையும் வெந்நீரில் நனைத்த துண்டுகளால் மூடி வைத்து, சரக்குக் கட்டும் ராட்செட் பட்டையால் மெதுவாக இழுத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை போட்டேன்.

அதற்கு மேல் அலுமினியத் தகடு. இங்கேதான் முதல் பெரிய தப்பு. தகட்டை முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். அன்றைக்குப் பார்க்க அத்தனை அழகு. முதல் கோடையில் மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: 3 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், கீழே இருக்கும் மரம் அப்படி நீளாது. பிய்த்து எடுக்க இரண்டு நாள், பசையைச் சுரண்ட ஒரு வாரம். இரண்டாவது தடவை தகட்டைப் பசையில்லாமல் சும்மா படுக்க வைத்து, விளிம்புகளை மட்டும் ஓரப்பட்டையால் பிடித்தேன். பட்டைக்குப் போகும் ஸ்க்ரூக்களுக்குத் தகட்டில் ஓட்டையைப் பெரிதாக விட்டு, பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப், இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து தண்ணீரை அடைக்கும் ரப்பர் பட்டை. இப்போது தகடு தன்னிஷ்டத்துக்கு நீளட்டும், சுருங்கட்டும். சிலிக்கோன் வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது, புது சிலிக்கோன்கூடப் பழைய சிலிக்கோன்மேல் சரியாக ஒட்டாது, ஒரு தடவை போட்டுவிட்டால் அந்த இடம் ஆயுளுக்கும் சிலிக்கோன்தான்.

சரி, பின்கதவுக்கு வருகிறேன். ட்ரெய்லர் கட்டுவதில் பாதி வேலை பின்கதவுதான் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அலமாரிகளுக்கு இரண்டு மாதம் செலவு செய்திருக்க மாட்டேன்.

பின்கதவு வளைந்தது. சுவரின் வளைவிலேயே 18 மி.மீ. பிளைவுட்டில் விலா எலும்பு மாதிரி நாலு சட்டங்கள் அறுத்து, குறுக்குச் சட்டங்களால் கோத்து, கூண்டு மாதிரி ஆக்கினேன். வண்டியில் வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது. வெளிப்பக்கம் மெல்லிய பிளைவுட்டை வளைத்து ஒட்டி, கிளாம்ப் எல்லாம் கழற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கீழ் விளிம்பு இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வளைத்து ஒட்டின பிளைவுட் நிமிரப் பார்க்கிறது, மெலிசான விலாச் சட்டங்களால் அதைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அன்றைக்கு முழுக்க அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன், கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். ஒட்டினது ஒட்டினதுதான்.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். “உள்பக்கத் தோல் ஒட்டிட்டியா?” என்றார். தோல் என்றால் சட்டங்களின்மேல் ஒட்டுகிற மெல்லிய பிளைவுட். இல்லை என்றேன். “அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. வண்டியிலேயே மாட்டி வெச்சு பட்டையால இறுக்கு, சுவரைத் தொட்டதுக்கப்புறம் இன்னும் ஒரு விரக்கடை உள்ளே இழு. இழுத்து வெச்சிட்டு உள்தோலை ஒட்டு. மூணு நாள் தொடாதே.” கதவின் கீழ் விளிம்பு சுவருக்கு உள்ளே போக இடம் வேண்டுமே என்று, கதவைக் கழற்றி, அறுத்த மிச்சப் பலகையில் அச்சு செய்து, அதன்மேல் இறுக்கி ஒட்டினேன். இருபுறமும் தோல் ஒட்டிவிட்டால் கதவு பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது, ஒரு தோல் நிமிர நினைத்தாலும் இன்னொன்று விடாது. அவிழ்த்தபோது அரை அங்குலம் திரும்பி வந்தது, அதை எதிர்பார்த்துத்தான் கூடுதலாக இழுத்திருந்தோம். வேலை நடக்கிற நாட்களில் வண்டியின் பின் திறப்பில் அளவாக ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சாய்ந்து கதவு மாட்டும் அன்றைக்குக் கழுத்தறுக்கும்.

மேலே கூரையும் கதவும் சேரும் இடத்தில் ஹரிகேன் கீல் என்று ஒன்று போடுவார்கள். வண்டியின் முழு அகலத்துக்கும் போகும் இரண்டு அலுமினியத் துண்டுகள், ஒன்றின் வளைந்த நாக்கு இன்னொன்றுக்குள் உருளும். ஊசி கிடையாது. மேலிருந்து வரும் தண்ணீர் மேல் துண்டின் முதுகில் வழிந்து கதவின்மேல் போய்விடும். அருமையான யோசனை, இதை வைத்த பிறகு அந்த இடத்தில் ஒழுகவே ஒழுகாது என்றுதான் நானும் நினைத்தேன். பக்கவாட்டில் நழுவாமல் இரண்டு முனையிலும் தடுப்பு ஸ்க்ரூ போட மறக்காதீர்கள்.

மின்சார வேலை ரொம்பச் சின்னது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, நாலு எல்.ஈ.டி. விளக்கு, கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் ஒரு விசிறி, ஃபோன் சார்ஜ் போட ஒரு இடம். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

முதல் பயணம் மழையில்லாத நாளில். எழுபது தாண்டினதும் கண்ணாடியில் ட்ரெய்லர் மெல்ல இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது, இரண்டு நொடியில் அந்த ஆட்டம் காரையும் சேர்த்து ஆட்டியது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யத்தான் கை போகும், செய்யாதீர்கள், பிரேக்கையும் அமுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தால் வேகம் குறையக் குறைய அடங்கிவிடும். அடங்கியது. எனக்குத்தான் கை நடுக்கம் அடங்க அரை மணி ஆனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, “திரும்பிப் போகும்போது நான் பஸ்ல வரேங்க” என்றதோடு சரி.

திரும்ப வந்து, உடம்பு எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்துப் பார்த்தேன். மொத்த வண்டி 520 கிலோ, கொக்கியில் அழுத்துவது 31. ஆறு சதவீதம். பத்திலிருந்து பதினைந்து இருக்க வேண்டும், அதாவது 52 முதல் 78 கிலோ. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை: அடுப்பு, பாத்திரம், 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாம் பின்பக்கச் சமையல் மேடையில்தான், அழகாக, என் அலமாரிகளுக்குள். பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் முன்னால் கொக்கிச் சட்டத்தின்மேல் ஒரு பெட்டி செய்து மாற்றினேன், தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோனேன். 62 கிலோ வந்தது. அதன் பிறகு ஆட்டம் இல்லை. இரண்டு அலமாரிகள் காலியாகவே கிடக்கின்றன.

இரண்டாவது பயணத்தில் ராத்திரி முழுக்க மழை. காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் பிழிகிற மாதிரி ஈரம். தரை ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பூசினேன், இரண்டு வாரம். அடுத்த பயணத்தில் மழையே இல்லை. மெத்தைக்கு அடியில் அதே ஈரம்.

அது எங்கள் மூச்சு. இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சும் வியர்வையுமாக அரை லிட்டர் தண்ணீர் வெளியே வருகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது, எங்கள் பெட்டியின் மொத்தக் காற்றே 3 கன மீட்டர்தான் இருக்கும். மிச்சத் தண்ணீர் எங்கே சில்லென்று இருக்கிறதோ அங்கே போய் உட்காருகிறது: ஜன்னல் கண்ணாடி, அலுமினியச் சட்டம், காற்றே படாத மெத்தை அடி. குளிருக்குப் பயந்து விசிறியையும் ஜன்னலையும் இறுக்க மூடியிருந்தோம். இப்போது விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் காற்றை வெளியே தள்ளும்படி ஓடவிட்டு, ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறந்து வைக்கிறோம். மெத்தைக்கு அடியில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு ரீப்பர் அடித்து மேடையாக்கினேன். போர்வை ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கிறது, ஈரம் போயிற்று.

ஆனால் பின்கதவு நிஜமாகவே ஒழுகியது. அது தெரிய வந்தது இன்னும் இரண்டு மழைக்குப் பிறகு, வலது அலமாரியின் மூலையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தபோது. வலது ஓரத்து ரப்பரை மாற்றினேன், பிறகு இன்னும் தடிமனான ரப்பர் போட்டேன், வட்டம் பெரிதானது. கடைசியில் மாமாவே வந்தார். கதவின் உள்விளிம்பு முழுக்க டிஷ்யூ பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒட்டச் சொன்னார். என்னை டார்ச்சோடு உள்ளே அனுப்பி மூடிவிட்டு, ஹோஸ் பைப்பால் கீழேயிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம் தண்ணீர் காட்டினார். கீழ் விளிம்பு, ஒன்றும் இல்லை. வலது ஓரம், ஒன்றும் இல்லை. இடது ஓரமும் காய்ந்தே இருந்தது. மேலே கீலுக்குப் போனார். நாலாவது நிமிஷத்தில் இடது மேல் மூலையில் இருந்த டிஷ்யூ கறுத்துத் தொங்கியது. தண்ணீர் கீலுக்குள்ளேயே ஓடி, கீல் முடிகிற முனையில் ஓரப்பட்டைக்கு அடியில் நுழைந்து, வண்டி வலது பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றதால் குறுக்குச் சட்டத்தின் மேலேயே நாலடி நடந்து, வலது மூலையில் சொட்டியிருக்கிறது. நான் மாற்றின ரப்பர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

கீல் முனைகள் இரண்டையும் பியூட்டைலால் அடைத்தேன். அது போதாது என்றார் மாமா, என்றைக்காவது அது விட்டுப்போகும், அப்போது தண்ணீர் போக வழி வேண்டும். அதனால் இரண்டு சுவர்களின் உள்விளிம்பிலும், ரப்பருக்கு உள்பக்கமாக, அலுமினியத்தில் சின்னச் சாக்கடை மாதிரி ஒரு வாய்க்கால் மேலிருந்து கீழ்வரை ஓடவிட்டு, அடியில் தரைக்கு வெளியே ஒரு ஓட்டை. ரப்பரைத் தாண்டி வருகிற தண்ணீர் அதில் விழுந்து வெளியே போய்விடும். பக்கக் கதவுகளுக்கு அடியிலும் அதே மாதிரி செய்து, ஓட்டையின் உள்சுவருக்கு எபாக்சி கொடுத்து செப்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகினேன்.

மறுபடி ஹோஸ் பிடித்தோம், ஒரு மணி நேரம். டிஷ்யூ எல்லாம் காய்ந்தே இருந்தது. இடது பக்கச் செப்புக் குழாயிலிருந்து மட்டும் நிமிஷத்துக்கு ஒரு சொட்டு தரையில் விழுந்துகொண்டிருந்தது. மாமா குந்தி உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஹோஸை மூடச் சொன்னார்.